பயிற்சியா, விசிலா, பொறுப்பா? ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்துக்கு உங்கள் நேரத்தை எங்கே கொடுப்பது

கும்பகோணத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரி அணியில் ஆடியவர். பந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டே போகும். "அண்ணே, வாரத்துக்கு நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஒதுக்க முடியும். நம்ம பிள்ளைங்களுக்கு கோச்சிங் குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் உடனே "சரி, நாளைக்கே வாங்க" என்று நான் சொல்லவில்லை. ஆடுதுறைப் பக்கம் எங்கள் ஊர்த் திடலில் பதினொரு வருடமாக மாலை நேரத்தில் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வயது வரை ஏறக்குறைய ஐம்பது பேர், அதில் பதினான்கு பேர் பெண் பிள்ளைகள். அங்கே நான் முதலில் பயிற்சியாளராக இருந்தேன். பிறகு இரண்டு வருடம் நடுவராக விசில் ஊதினேன். இப்போது ஐந்து வருடமாகப் பொறுப்பாளர். மூன்று வேலைக்கும் ஆள் தேவைதான், ஆனால் மூன்றும் கேட்கிற நேரமும் மனசும் வேறு வேறு. அந்தத் தம்பியிடம் இரண்டு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரைப் போல யோசிக்கிறவர்கள் டெல்டாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் நம் ஊர் வருடத்தைப் பார்க்க வேண்டும். நகரத்தில் புல்தரை போட்டு விளக்குக் கட்டிய மைதானத்தில் மாதக் கணக்கு எதற்கும் தேவையில்லை. இங்கே அப்படி இல்லை. தண்ணீர் இருக்கிற வருடத்தில் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கும், பள்ளிக்கூடமும் அந்த மாதத்தில்தான் திறக்கும். அப்போதிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். சாயங்காலம் காற்று வரும், எப்போதாவது ஒரு மழை பெய்யும், தரை பதமாக இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் வரை பாதி நாள் திடலில் கால் வைக்க முடியாது. நம் களிமண் அப்படி. ஈரமானால் ஷூவைப் பிடித்து இழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்து அந்த இடுக்கில் பிள்ளைகளின் கணுக்கால் மாட்டும். தைப் பொங்கலுக்கு ஊருக்கு ஊர் போட்டி நடக்கும். அது முடிந்ததும் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்துக்கு வந்த நெல் திடலில் அம்பாரமாகக் குவியும். பந்தா நெல்லா என்று கேட்டால் நெல்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மார்ச், ஏப்ரல் தேர்வு. மே மாதம் வெயில், ஆனாலும் கோடைப் போட்டிகள்.

அறுத்த வயலில் ஆடலாமே என்று வெளியூரில் இருப்பவர்கள் கேட்பார்கள். அறுவடைக்குச் சில நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அந்த வயலில் யாரும் இறங்கக் கூடாது. தெளிக்காத வயலில் அறுத்த தாள் பாதத்தைக் குத்தும்.

ஆக, எந்த வேலையை எடுத்துக்கொண்டாலும் அது இந்த வருடத்துக்குள் எங்கே உட்காரும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சியாளர் வேலையை எடுத்துக்கொள்வோம். விளையாடத் தெரிந்த எல்லோருக்கும் முதலில் மனசு போவது இதில்தான். பிள்ளைகள் "கோச் சார்" என்று ஓடி வருவார்கள். போன வாரம் இடது காலால் பந்தைத் தொடவே பயந்த பையன் இந்த வாரம் அதே காலால் பாஸ் கொடுப்பான். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு வேறில்லை.

ஆனால் வேலை பெரியது. வாரம் மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னால் கோன் அடுக்கி, பந்துக்குக் காற்றடித்து, இன்றைக்கு என்ன சொல்லித் தரப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் இருந்தால் அரை நாள் போய்விடும். மொத்தம் வாரத்துக்கு ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடுவது வேறு, சொல்லித் தருவது வேறு என்பதும் அங்கே போனதும் தெரிந்துவிடும். நான் தொடங்கியபோது இருபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரு பந்தை வைத்து, ஒவ்வொருவராக கோல் அடிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு ஒரு மணி நேரத்தில் பந்து காலில் பட்டது ஐந்தாறு தடவை. இப்போது நாலுக்கு நாலாகப் பிரித்து, சின்னச் சின்னக் கட்டம் போட்டு ஆட விடுகிறோம். அதே ஒரு மணி நேரத்தில் ஒரே பிள்ளை நூறு தடவைக்கு மேல் பந்தைத் தொடுகிறது. ஓரத்தில் நிற்கிற வெட்கப்பட்ட பையனும் ஒதுங்க முடியாது.

பந்தின் அளவும் அப்படித்தான். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பாரம். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை 4ஆம் எண், அதற்கும் சின்னவர்களுக்கு 3ஆம் எண் என்பது பொதுவான வழக்கம். தலையால் முட்டுவதும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவில் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக் கூடாது என்று 2015இல் முடிவெடுத்தார்கள். இங்கிலாந்திலும் 2020இல் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நம் திடலில் யாரும் அதைச் சட்டமாகப் போடவில்லை. பயிற்சியாளர்தான் தெரிந்து நடக்க வேண்டும். இதையெல்லாம் முறையாகக் கற்றுக்கொள்ள அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் உரிமங்கள் இருக்கின்றன. டி உரிமத்துக்குப் பிறகு சி, பி, ஏ என்று மேலே போகலாம். ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர அது கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடம் நின்று செய்யப் போகிறவர் டி உரிமத்துக்காவது போய் வருவது நல்லது.

நான் கவலைப்படுவது இதைப் பற்றியெல்லாம் இல்லை. வராமல் போவதைப் பற்றித்தான். நான் பயிற்சியாளராக இருந்த இரண்டாம் வருடம், ஆகஸ்டில், வேலையில் திடீரென்று வெளியூர் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம். பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொல்லிவிட்டுக்கூடப் போகவில்லை. திரும்பி வந்தபோது இருபத்தாறு பேரில் ஒன்பது பேர்தான் திடலில் இருந்தார்கள். முதல் இரண்டு வாரமும் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் பிள்ளைகள் வந்து, கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் வீட்டுக்குப் போனார்களாம். எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து இன்றுவரை, நேரம் உறுதியாக இல்லாதவர் யார் வந்து கேட்டாலும் நான் பயிற்சியாளர் பொறுப்பைத் தருவதில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வர முடியும் என்றால் மட்டும் இதை எடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே இருக்கும் பயிற்சியாளருக்குத் துணையாக நில்லுங்கள். பிள்ளைகள் உங்களிடமும் கற்றுக்கொள்வார்கள். நீங்கள் வராத நாளில் யாரும் கேட்டில் உட்கார மாட்டார்கள்.

அடுத்தது விசில். நம் பக்கத்தில் இதற்குத்தான் ஆளே கிடைப்பதில்லை. எழுவர் கால்பந்து என்று போஸ்டர் ஒட்டிவிடுவார்கள், கோப்பை வாங்கிவிடுவார்கள், சாமியானா போட்டுவிடுவார்கள். நடுவர் யார் என்று முந்தின நாள் ராத்திரிதான் தேடுவார்கள். கடைசியில் போட்டி நடத்துகிற ஊர்க்காரர் ஒருவரே ஊதுவார். அங்கே தொடங்கும் சண்டை.

ஆட்ட விதிகள் மொத்தம் 17. ஒரு மாதம் மாலையில் உட்கார்ந்து படித்தால் பிடிபட்டுவிடும். படித்துவிட்டுத் திடலுக்குப் போனால் ஊர் நம்பிக்கொண்டிருக்கும் எத்தனையோ விஷயம் விதியில் இல்லை என்று தெரியும். பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆட்டக்காரரையும் தாண்டி எதிர் கோல் பக்கம் நின்று பந்தை வாங்குவதுதான் ஆஃப்சைடு. ஆனால் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிகிற த்ரோ-இன் பந்தை நேராக வாங்குகிறவருக்கு அது கிடையாது. கோலுக்கு முன்னாலிருந்து அடிக்கும் கோல் கிக்கும், மூலையிலிருந்து அடிக்கும் கார்னரும் அப்படித்தான். ஆனால் கரையில் நிற்கிற ஐம்பது பேரும் "ஆஃப்சைடு, ஆஃப்சைடு" என்று கத்துவார்கள். கோல் கிக் அடித்த பந்து பெனால்ட்டி கட்டத்துக்கு வெளியே போன பிறகுதான் தொட வேண்டும் என்ற விதி 2019இல் மாறிவிட்டது. இன்னும் பல திடலில் பழையபடிதான் திரும்ப அடிக்க வைக்கிறார்கள். சிறுவர் ஆட்டத்துக்கு மைதானத்தின் அளவு, பந்தின் அளவு, கோலின் அளவு, ஆட்ட நேரம், வெளியே போனவர் மறுபடி உள்ளே வருவது எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. இது தெரிந்த ஒருவர் போட்டிக் கமிட்டியில் இருந்தால், 7.32 மீட்டர் அகலமுள்ள கோலின் முன்னால் ஒரு பத்து வயதுப் பையனை நிறுத்தி அழ வைக்க மாட்டார்கள்.

விசிலின் வசதி என்னவென்றால் வாரா வாரம் கட்டிப்போடாது. பொங்கலை ஒட்டிய நாட்கள், மே மாதம், இடையில் சில ஞாயிறு. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கொடுத்தால் போதும். சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு பண்டிகைக்கு ஊர் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கஷ்டம் என்னவென்றால், பக்கத்து ஊர் ஆட்டத்துக்குத்தான் ஊதலாம். சொந்த ஊர் பிள்ளைகள் ஆடும்போது ஊதக் கூடாது, யார் கூப்பிட்டாலும் கூடாது. பிறகு, திட்டைத் தாங்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஓர் இறுதி ஆட்டத்தில் பையனின் அப்பா ஒருவர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி வந்துவிட்டார். ஆட்டத்தை நிறுத்தி, இரண்டு அணிப் பிள்ளைகளையும் நடு வட்டத்தில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னேன். பெரியவர்கள் பேசி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டுப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

பணமாகவோ பொருளாகவோ கொடுக்கலாமே என்றும் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அவ்வளவுதான். எங்களிடம் பெயர் அச்சடித்த ஜெர்சி மூன்று செட் இருக்கிறது. 4ஆம் எண் பந்து எப்போதும் பற்றாக்குறை, பம்புக்கு ஊசி எப்போதும் உடைந்தே இருக்கும்.

இனி பொறுப்பாளர். இந்த வேலைக்குச் சரியான பெயர்கூடக் கிடையாது. சிலர் மேனேஜர் என்பார்கள், எங்கள் பிள்ளைகள் "பொறுப்பு சார்" என்கிறார்கள். பந்தைத் தொட வேண்டியதில்லை, கால்பந்து ஆடியிருக்கவும் வேண்டாம். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு திட்டம் மூன்றாம் வருடத்தைத் தாண்டுமா என்பது இந்த ஒருவரால்தான் முடிவாகிறது.

திடல் பள்ளிக்கூடத்துடையது என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அவர் மாற்றலாகிப் போனால் புதியவரிடம் மறுபடி முதலிலிருந்து. பஞ்சாயத்து இடம் என்றால் தை பிறக்கும் முன்பே நெல் எந்தப் பக்கம் இறங்கும், எத்தனை நாள் இருக்கும் என்று பேசி ஒரு மூலையையாவது காப்பாற்ற வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளைகள் சிதறிப் போகாமல் இருக்க ஏதாவது கூரையைப் பிடிக்க வேண்டும். நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டைக் கேட்டு வாங்கினோம். முகூர்த்தம் இல்லாத நாளில் அங்கே விதிப் பாடமும் உடற்பயிற்சியும் நடக்கும். நவம்பரில் நாற்பது பேர் வருகிறார்கள் என்றால் ஜனவரியிலும் நாற்பது பேர் இருப்பார்கள். அந்த மண்டபம் கிடைப்பதற்கு முந்தின வருடங்களில் ஜனவரியில் பாதிப் பேரை மறுபடி வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

வயதுச் சான்று இன்னொரு வேலை. போட்டிக்குப் போகும்போது பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பெற்றோர் கையெழுத்து எல்லாம் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையனைப் பதினான்கு வயதுப் பிரிவில் இறக்கிவிடலாம் என்று யாராவது வருவார்கள், சில சமயம் நம் ஆட்களே வருவார்கள். முடியாது என்று சொல்கிற இடத்தில் பொறுப்பாளர் நிற்க வேண்டும். அந்த ஒரு பையனுக்காக ஒரு சின்னப் பையன் கரையில் உட்கார வேண்டியிருக்கும்.

அப்புறம் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைச் சொல்லவில்லை, அதுவும் வேண்டும்தான். நான் சொல்வது வாய்க்கால். எங்கள் திடலை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால் ஓடுகிறது. ஆடி மாதம் கரை தொட்டுப் போகும். பந்து அதில் விழுந்தால் பிள்ளைகள் யோசிக்காமல் குதிப்பார்கள். நீச்சல் தெரியும் என்பார்கள், ஆனால் மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும். இதற்காகவே நீள மூங்கில் கழியில் வலை கட்டி வைத்திருக்கிறோம். பந்து தண்ணீரில் விழுந்தாலும், வரப்புப் புதருக்குள் போனாலும் பெரியவர் ஒருவர்தான் எடுக்க வேண்டும். புதரில் பாம்பு இருக்கும். பயிற்சியாளர் உள்ளே பிள்ளைகளோடு இருப்பார், அவர் கண் வாய்க்கால் பக்கம் போகாது. கரையில் நிற்கிற ஒருவர் வேண்டும். 108க்கு அழைப்பதும், தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஆட விடாமல் உட்கார வைப்பதும் அவர் கையில்தான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் பெண் பிள்ளைகள். தொடக்கத்தில் எங்களிடம் ஒரு பெண் பிள்ளைகூடக் கிடையாது. வீடு வீடாகப் போனபோது பெற்றோர் ஆட்டத்தை எதிர்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு அம்மா சொன்னது இப்படி: "ஆடட்டும் சார், நான் வேணாங்கல. இருட்டுனப்புறம் யாரு கொண்டாந்து விடுவா?" அவ்வளவுதான் கேள்வி. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதனால் காசும் ஒரு தடையாக இல்லை. பஸ் நிறுத்தத்தில், பஸ் வரும் வரைக்கும் நம்பிக்கையான ஒருவர் நிற்பாரா என்பதுதான் மிச்சம். எங்கள் ஊரில் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நான் நிற்கிறேன் என்று வந்தார். அவருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. அவர் வந்த வருடமே ஒன்பது பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

கடலூரிலிருந்து இந்திய அணி வரைக்கும் போன இந்துமதி கதிரேசனைப் பற்றியும், 2018இல் தமிழக மகளிர் அணி மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசிய சாம்பியன் ஆனதைப் பற்றியும் பெற்றோரிடம் நான் சொல்வதுண்டு. இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர் என்றதும் அப்பாக்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் இருக்கிறது என்பது உண்மை. அது உயர்ந்த அளவில் வென்றவர்களுக்கானது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வேலை வாங்கித் தருகிறோம் என்று எந்தத் தன்னார்வலரும் வாயைத் திறக்கக் கூடாது.

எந்த வேலையை எடுத்தாலும் பொருந்துகிற சில விதிகள் உண்டு. ஒரு பிள்ளையோடு தனியாக அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில்தான் போட வேண்டும். அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. ஏதாவது தவறு நடந்தது தெரிந்தால் மூடி மறைக்க நமக்கு உரிமை கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், விஷயம் தெரிந்தவர் புகார் செய்தாக வேண்டும் என்கிறது. சிறுவர் உதவி எண் 1098. புதிதாக வருகிற யாரும் முதல் மூன்று மாதம் இன்னொரு பெரியவரோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும் என்று எங்கள் ஊரில் வைத்திருக்கிறோம். ஊருக்கே தெரிந்த முகம் என்றாலும் அப்படித்தான். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரை நாங்கள் சேர்ப்பதில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று வந்தவர். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். அலுவலகம் முடிந்து பைக்கில் வந்து சேர ஐந்தரை ஆகும். மாதக் கடைசி வாரம் முழுக்க வசூல் வேலை, வர முடியாது. ஞாயிறு மட்டும் உறுதி. இப்படி இருக்கிறவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனால் மாதத்தில் ஒரு வாரம் பிள்ளைகள் கேட்டில் உட்காருவார்கள். விசில் அவருக்குப் பொருந்தும், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, ஓட உடம்பு இருக்கிறது. ஆனால் அடுத்த போட்டிக் காலத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதுவரை விதிகளைப் படிக்கலாம்.

"அதுவரைக்கும் சும்மா இருக்கணுமாண்ணே?" என்றார்.

சும்மா இருக்க வேண்டாம் என்றேன். சத்துணவு அக்காவின் மகளுக்குப் பிரசவம் நெருங்குகிறது, செவ்வாயும் வெள்ளியும் இனி அவரால் வர முடியாது. அவர் சொல்லி இன்னோர் அம்மா வருகிறார், ஆனால் தனியாக நிற்கத் தயங்குகிறார், அவரோடு சேர்ந்து நிற்க ஒருவர் வேண்டும். மாதக் கடைசியில் தம்பி வராத நாட்களில் நான் நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வந்தார். ஆட்டத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம் பயிற்சியாளருக்குத் துணையாக உள்ளே நின்றார். இடது கால் பயம் இன்னும் போகாத இரண்டு பிள்ளைகளுக்குப் பந்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த அம்மாவும் அவரும் மூங்கில் கழியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பஸ் ஆறு நாற்பதுக்கு வர வேண்டியது, ஏழு மணிக்குத்தான் வந்தது.